ஏ.ரி.வி.க்கு மேலதிக விளக்கும் ரிவர்ஸ் விளக்கும்: ஒரு பெரும்போகம் ஓட்டிப் பார்த்த பின்னர்

திரியாயில் எங்கள் வயலுக்குப் போகும் வாய்க்கால் கட்டு ஏழடி அகலம்கூட இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் இடுப்பளவு பள்ளத்தில் வயல். அதன் கடைசியில் இருக்கும் காவல் பரண்வரை ஏ.ரி.வி.யை, அதாவது மேடு பள்ளமெல்லாம் ஓடும் அந்த நான்கு சில்லு வண்டியை, ஓட்டிச் சென்றால் அங்கே திருப்புவதற்கு இடம் கிடையாது. பின்னால் பூட்டிய சிறிய இழுவைப் பெட்டியோடு அறுபது எழுபது யார் தூரம் ரிவர்ஸில் வந்தே கிறவல் வீதியை அடைய வேண்டும். பகலில் இது ஒரு வேலையே அல்ல. நெல் குடலைப் பருவத்துக்கு வந்த பின்னர், யானைக்காவலுக்கு இருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாட்டையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் யானை வெடிப் பெட்டியையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அது வேறு கதையாகிவிடும். ரோச் லைற்றை வாயில் கடித்துக்கொண்டு, கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி ஒரு போகம் முழுவதும் ஓட்டினேன். இரண்டு தடவை பெட்டியின் சில்லு வாய்க்காலுக்குள் இறங்கியது. இரண்டாம் தடவை அதைத் தூக்கி எடுக்க நான்கு பேர் வந்த அன்றைக்கே, அடுத்த பெரும்போகத்துக்கு முன்னர் வண்டிக்கு ஒழுங்கான விளக்குப் போடுவதென்று முடிவெடுத்தேன்.

இங்கே எழுதுவது அப்படி வாங்கிய விளக்குகளைப் பற்றியும், அவற்றைத் திருகோணமலை நகரத்தில் இரண்டு இடங்களில் இரண்டு முறை பொருத்திய வேலையைப் பற்றியுமாகும். முதல் வேலை பிழையாகிப் போனது; இரண்டாவது நின்று பிடித்தது. எந்த இடத்தின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை.

வண்டி சீனத் தயாரிப்பு. 200 சி.சி.; கியர் மாற்றும் தேவையில்லாத பெல்ட் இயக்கம்; முன்னோக்கு, நியூட்ரல், ரிவர்ஸ் என்று மூன்று நிலை கொண்ட ஒரு கைப்பிடி. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்னர் நாட்டுக்குள் வந்து, நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓடிக் களைத்த பின்னர் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. முன்விளக்கின் ஹலோஜன் குமிழ் கிறவல் வீதிக்குப் போதுமானது. ரிவர்ஸ் போட்டால் மீற்றர் பலகையில் 'ஆர்' என்ற ஓர் எழுத்து சிவப்பாக எரியும். பின்பக்கத்தில் அதற்கென்று ஒரு விளக்கும் இல்லை. செய்தவர்கள் இதைப் பகலில் கடற்கரையில் விளையாடும் வண்டியாகவே நினைத்திருக்க வேண்டும்.

விளக்குகளை அதே நகரத்தின் அநுராதபுரச் சந்திப் பக்கத்திலுள்ள ஓர் உதிரிப்பாகக் கடையில் வாங்கினேன். முன்பக்கத்துக்கு உள்ளங்கை அளவிலான இரண்டு சதுர எல்.ஈ.டி. விளக்குகள், சோடி 6,500 ரூபாய். பின்பக்கத்துக்கு அதைவிடச் சிறியதாக ஒன்று, 2,200 ரூபாய். முன்விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றும் 72 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் பற்றரியோடு நேராகத் தொடுத்து மல்ரிமீற்றரில் பார்த்தபோது, 12.6 வோல்ட்டில் ஒரு விளக்கு இழுத்தது 1.5 அம்பியர் மட்டுமே. பெருக்கினால் 19 வாட். கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. உள்ளே 24 எல்.ஈ.டி. மணிகள் இருக்கின்றன, ஒவ்வொரு மணியும் அதிகபட்சம் 3 வாட் தாங்கும் என்று கணக்கிட்டு 24 ஐ 3 ஆல் பெருக்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அந்த அளவுக்கு மின்சாரம் கொடுத்தால் அவ்வளவு சிறிய அலுமினிய உடல் அந்தச் சூட்டைத் தாங்கவே தாங்காது. ஆகவே எல்.ஈ.டி. விளக்கு வாங்குபவர்கள் பெட்டியில் உள்ள வாட் எண்ணைப் பாராமல், கடையிலேயே ஒரு பற்றரியில் தொடுத்து அம்பியரை அளந்து காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது. இரண்டு நிமிட வேலை. முகம் சுளிக்காமல் செய்து காட்டினார்கள் என்பதற்காகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போவேன்.

உண்மை அளவு 19 வாட் என்பதில் எனக்கு ஏமாற்றமும் இல்லை. இந்த வகைச் சிறிய வண்டிகளில் மின்சாரத்தை உண்டாக்கும் கொயில் சிறியது. இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது அது தருவது இன்னும் குறைவு. 55 வாட் ஹலோஜன் இரண்டைப் பூட்டியிருந்தால் 110 வாட், அதாவது 9 அம்பியருக்கு மேல் போயிருக்கும். வாய்க்கால் கட்டின்மேல் ஊர்ந்து போகும் வேகத்தில் அதைக் கொயில் ஈடுசெய்யாது. குறையைப் பற்றரிதான் கொடுக்க வேண்டும். இரண்டு எல்.ஈ.டி.யும் சேர்ந்து 3 அம்பியர் என்பது தாங்கக்கூடிய சுமை. இந்த இடத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய சில வண்டிகளில் முன்விளக்குக்குப் போகும் மின்சாரம் பற்றரியிலிருந்து வராமல் கொயிலிலிருந்து நேரே ஆடலோட்டமாக (ஏ.சி.யாக) வரும். அந்த வயரில் எல்.ஈ.டி.யைத் தொடுத்தால் துடிக்கும், சீக்கிரமே செத்துப்போகும். என் வண்டியில் எல்லாம் பற்றரி வழியாகவே செல்கின்றன.

முதலில் வாங்கியது வெள்ளை ஒளி. கச்சான் காற்று அடிக்கும் ஆவணி மாதத்தில், முன்னால் ஓர் உழவு இயந்திரம் போன கிறவல் வீதியில் அதைப் போட்டுப் பார்த்தபோது, பாதைக்குப் பதிலாக ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. புழுதித் துகள்களில் பட்ட ஒளி கண்ணுக்கே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் கடைக்குக் கொண்டுபோய், அதே வகையில் மஞ்சள் ஒளி தருவதை மாற்றி எடுத்தேன்; ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். மஞ்சள் ஒளி மண்ணின் மேடு பள்ளத்தை வெள்ளையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று சொல்ல மாட்டேன். கண்ணைக் கூசவைப்பது குறைவு, அவ்வளவுதான். ஆனால் ஐப்பசி மழைக்குப் பின்னர் அதன் இன்னொரு நன்மை தெரிந்தது. ஈசல் புறப்படும் இரவுகளில் வெள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு விட முடியாது. மஞ்சளுக்கு வரும் பூச்சி மிகவும் குறைவு. பூச்சிகளை இழுப்பது நீலமும் ஊதாவும் கலந்த ஒளி என்பதால், எல்.ஈ.டி. வெள்ளையில் தாராளமாக இருக்கும் அந்த நீலம் மஞ்சளில் இல்லாமற்போவது இங்கே நமக்கு வசதியாகிவிடுகிறது.

இனி வயரிங். வண்டியைப் பட்டா என்கிற சிறிய லொறியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து, பெரிய வாகனங்கள் நிற்கும் ஒரு கராஜில் கொடுத்தேன். லொறிக்கும் பஸ்ஸுக்கும் விளக்குப் போடுகிறவர்களுக்கு இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. "அண்ணை, பின்னேரம் வாங்கோ, எல்லாம் முடிஞ்சிடும்" என்றார்கள். சொன்னபடி மாலையில் முடித்தும் வைத்திருந்தார்கள். கூலி 3,000 ரூபாய். முன்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ரிவர்ஸ் விளக்கும் எரிந்தது. அது எப்போது எரிகிறது என்பதை அந்த அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

அன்றிரவு வயலில் கவனித்தேன். நியூட்ரலிலும் முன்னோக்கிப் போகும்போதும் ரிவர்ஸ் விளக்கு மங்கலாக, உயிர் போகிற மின்மினி மாதிரி எரிந்துகொண்டிருந்தது; கூடவே மீற்றர் பலகையில் 'ஆர்' எழுத்தும் அரைகுறையாக மினுங்கியது. கைப்பிடியைத் தள்ளி ரிவர்ஸ் போட்டதும் 'ஆர்' எழுத்து நன்றாக எரிய, பின்விளக்கு முழுவதுமாக அணைந்தது. வேண்டாத நேரமெல்லாம் எரிந்து, வேண்டிய நேரத்தில் மட்டும் அணைகிற ஒரு விளக்குக்கு 2,200 ரூபாய் கொடுத்திருந்தேன். மறுநாள் தொலைபேசியில் சொன்னபோது, விளக்கு சரியில்லை, கடையில் மாற்றச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

அதோடு நிற்கவில்லை. முன்விளக்குகளைப் பற்றரியிலிருந்து ஒரு சுவிட்ச் வழியாக நேரே இழுத்திருந்தார்கள். திறப்பை எடுத்த பின்னரும் அவை எரியும். என் மருமகன் ஒருநாள் அணைக்க மறந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். விடியும்போது பற்றரியில் ஒன்றும் மிச்சமில்லை. பெல்ட்டில் ஓடும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. இயந்திரம் சுற்றினால்தான் கிளச் பிடிக்கும், கிளச் பிடித்தால்தான் சில்லு இயந்திரத்தைச் சுற்றும். பற்றரியைக் கழற்றி, மோட்டார் சைக்கிளில் குச்சவெளிவரை கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வந்த அந்தக் காலைப் பொழுதை மறக்க முடியாது.

இரண்டாவதாகப் போனது முச்சக்கரவண்டிகளுக்கு வயரிங் செய்யும் ஒருவரிடம். கிண்ணியாக்காரர், நகரத்தில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் வேலை செய்கிறார், எல்லோரும் நானா என்றே கூப்பிடுகிறார்கள். விளக்கைக் கழற்றி ஒரு தரம் எரித்துப் பார்த்து, விளக்கில் குற்றமில்லை என்று ஓரமாக வைத்தார். பிறகு, இரண்டு வயர் பூட்டிய ஒரு பழைய 12 வோல்ட் குமிழை எடுத்தார். அதன் ஒரு வயரைப் பற்றரியின் நேர் முனையில் கவ்வவிட்டு, மறு வயரின் நுனியால் வண்டியின் ரிவர்ஸ் வயரைத் தொட்டார். நியூட்ரலில் குமிழ் எரியவில்லை. என்னை ரிவர்ஸ் போடச் சொன்னார். முழு வெளிச்சத்தில் எரிந்தது. "கண்டீங்களா தம்பி, இது கரண்ட் தார வயர் இல்ல, எர்த் அடிக்கிற வயர்" என்றார். அந்த ஒரு வசனத்தில் விசயம் முடிந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வகை வண்டிக்கு ரிவர்ஸ் விளக்குப் போட நினைக்கும் எவரும் தடுக்கி விழக்கூடிய இடம் இதுவே. காரிலும் லொறியிலும் ரிவர்ஸ் போட்டால் கியர்ப் பெட்டியில் உள்ள சுவிட்ச் நேர் மின்சாரத்தைப் பின்விளக்குக்கு அனுப்பும். பல ஏ.ரி.வி.களில் அப்படி இல்லை. மீற்றர் பலகையிலுள்ள 'ஆர்' குமிழுக்கு நேர் முனை திறப்பைத் திருகியதுமே வந்துவிடுகிறது. அதன் மறுமுனையிலிருந்து இயந்திரத்துக்கு வரும் வயரைத்தான், ரிவர்ஸ் போட்டதும் சுவிட்ச் வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு தொடுத்துவிடுகிறது. முதல் கராஜில் லொறிக்குச் செய்த பழக்கத்தில் இந்த வயரை நேர் என்று எடுத்து, என் விளக்கை அதற்கும் எர்த்துக்கும் இடையில் தொடுத்திருந்தார்கள். ஆகவே நியூட்ரலில் மின்சாரம் 'ஆர்' குமிழுக்குள்ளால் வந்து விளக்குக்குள்ளால் போனது. இரண்டும் ஒரே வரிசையில் இருந்ததால் இரண்டும் மங்கலாக எரிந்தன. ரிவர்ஸ் போட்டதும் அந்த வயர் எர்த் ஆகிவிடுகிறது. விளக்கின் இரண்டு முனையும் எர்த். அது அணையாமல் வேறென்ன செய்யும்?

நானா இதை ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஒரு சுவிட்ச், போட்டுச் சீர்செய்தார். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். ஜேர்மனியின் டின் 72552 தரநிலையிலிருந்து வந்த எண்கள் அவை. எந்த நாட்டில் செய்த ரிலே என்றாலும் பெரும்பாலும் இவையே இருக்கும் என்பதால் பாடமாக்கி வைத்துக்கொள்ளலாம். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சிறு கொயிலின் முனைகள். 86 ஐத் திறப்பைத் திருகினால் மின்சாரம் வரும் வயரிலும், 85 ஐ அந்த ரிவர்ஸ் வயரிலும் தொடுத்தார். 30 க்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக நேர் முனை. 87 இலிருந்து விளக்குக்கு. ரிவர்ஸ் போட்டதும் 85 எர்த் ஆகிறது, கொயில் இழுக்கிறது, உள்ளே 30 உம் 87 உம் சேர்கின்றன. இயந்திரத்திலுள்ள மெல்லிய சுவிட்ச் தாங்க வேண்டியது கொயிலின் 0.15 அம்பியர் அளவை மட்டுமே; விளக்கின் சுமை அதன் பக்கமே போவதில்லை. ரிவர்ஸ் போடும்போது இருக்கைக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இரவில், இயந்திரம் மெதுவாக ஓடும்போது, அந்தச் சத்தத்தைக் கேட்ட பின்னரே நான் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

இழுவைப் பெட்டியிலிருந்து சாமான் இறக்கும்போதும் பின்பக்கம் வெளிச்சம் இருந்தால் நல்லது என்று நான் கேட்டதற்கு, 85 ஐக் கையாலும் எர்த் செய்யக்கூடிய ஒரு சிறிய சுவிட்சைச் சேர்த்தார். சும்மா சேர்த்தால் அந்தச் சுவிட்ச் 'ஆர்' குமிழையும் சேர்த்து எரியவைக்கும். வண்டி நியூட்ரலில் நிற்க, பலகை ரிவர்ஸ் என்று பொய் சொல்லும். அதைத் தடுக்க 85 க்கும் ரிவர்ஸ் வயருக்கும் நடுவில் 1என்4007 என்ற டயோட் ஒன்றை, வெள்ளிக் கோடு ரிவர்ஸ் வயர்ப் பக்கம் இருக்கும்படி வைத்தார். சில ரூபாய்ப் பெறுமதியான சாமான். ஏறக்குறைய ஒரு நெல்மணி அளவு. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் என்பதால் ரிவர்ஸ் சுவிட்ச் ரிலேயை இழுக்கலாம், என் சுவிட்ச் 'ஆர்' குமிழைத் தொட முடியாது. இதை அவர் யோசித்துச் செய்தபோது நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கேட்ட வேலைக்கு மேல் ஒரு படி போய் நினைக்கிற தொழிலாளியைக் காண்பது அரிது.

முன்விளக்குகளுக்கும் தனியாக ஒரு ரிலே. இதன் கொயிலும் திறப்பைத் தாண்டியே மின்சாரம் பெறுவதால், திறப்பை எடுத்தால் விளக்கும் அணையும். மருமகன் இனிமேல் எத்தனை தரம் மறந்தாலும் பரவாயில்லை. முன்விளக்குகளுக்கு 7.5 அம்பியர் கபில நிறப் பியூஸும் ரிவர்ஸ் விளக்குக்கு 5 அம்பியர் பியூஸும் பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. முதல் கராஜில் பியூஸே போடவில்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயர் உரசி உடலில் பட்டால் அதைக் காக்க எதுவுமில்லை. ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இந்த வண்டியில் வயர் போகும் வழிக்கு மேலேயே பெற்றோல் தாங்கி இருக்கிறது.

பழைய வயரைக் கழற்றிப் போடும்போது நானா ஒரு துண்டைப் பிளேட்டால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம். உள்ளே வெள்ளையாக மினுங்கியது. செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, வளைத்தால் சீக்கிரம் முறியும், உப்புக் காற்றில் இணைப்பு முனைகளில் வெள்ளைப் பொடியாகிப் போகும். புதிதாகப் போட்டது சுரண்டினாலும் உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும் செம்பு வயர், 1.5 சதுர மில்லிமீற்றர். இணைப்புகளில் ரேப் சுற்றுவதற்குப் பதிலாக, உள்ளே பசை உள்ள சுருங்கும் ரியூபைப் போட்டுச் சூடு காட்டினார். எர்த் முனைக்கு அடியில் பெயின்டைச் சுரண்டி, இறுக்கிய பின்னர் மேலே சிலிக்கன் கிறீஸ் பூசினார். வயலிலிருந்து கடல் அதிக தூரமில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கொண்டிகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று விளங்கும்.

வண்டியைத் திரும்பக் கொண்டுவந்த பின்னர் மல்ரிமீற்றரைப் பற்றரியில் வைத்துப் பார்த்தேன். எல்லா விளக்கும் அணைந்திருக்க, இயந்திரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்போது 14.1 வோல்ட். வண்டியின் சொந்த முன்விளக்கும் இரண்டு எல்.ஈ.டி.யும் எரிய, அதே வேகத்தில் 13.6. மெதுவாக விட்டால் 12.5 க்கு இறங்குகிறது; அதாவது நின்ற இடத்தில் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு எல்லாவற்றையும் எரித்துக்கொண்டிருந்தால் பற்றரி கரையும். பரணடியில் பத்து நிமிடம் நின்று பேசுவதென்றால் எல்.ஈ.டி.யை அணைத்துவிடுகிறேன்.

மின்சாரம் சரியான பின்னரும் ரிவர்ஸ் விளக்கு முதல் இரண்டு இரவுகள் எனக்குப் பயன்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பின் கரியரின் நடுவில், கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டியிருந்தோம். பெட்டி இல்லாமல் ஓட்டும்போது அது மிக நல்ல இடம். பெட்டியைப் பூட்டியதும் விளக்கின் ஒளி முழுவதும் பெட்டியின் முன் தகட்டில் பட்டு என் முகத்துக்கே திரும்பியது. தகட்டுக்கு அப்பால் முன்பைவிட இருட்டு. ரோச் லைற்றே பரவாயில்லை என்று தோன்றியது. தகட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது. பின்னர் யோசித்தபோது ஒன்று விளங்கியது. அந்தக் கட்டில் நான் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் பாதையை அல்ல. பெட்டியின் வாய்க்கால் பக்கச் சில்லுக்கும் கட்டின் விளிம்புக்கும் இடையில் எத்தனை விரற்கடை இருக்கிறது என்பதை மட்டுமே. ஆகவே விளக்கைக் கழற்றி, கரியரின் வாய்க்கால் பக்க ஓரத்தில், பெட்டியின் பக்கத் தகட்டை உரசினாற்போல் பின்னோக்கிப் பார்க்கும்படி ஒரு குழாய்க் கிளிப்பில் பூட்டினேன். இப்போது சில்லும் அதற்கு வெளியே நிற்கும் புல்லும் தண்ணீரின் பளபளப்பும் ஒரே கோட்டில் தெரிகின்றன. புல்லின் நிழல் சில்லின்மேல் விழுந்தால் விளிம்பு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் போகத்தில் பெட்டி ஒருமுறைகூட வாய்க்காலுக்குள் இறங்கவில்லை.

இந்த இடத்துக்கு ஏற்றது பரந்த ஒளியே. கடையில் தூரம் பாய்ச்சும் குறுகிய ஒளியையும் காட்டினார்கள். ரிவர்ஸில் நடை வேகத்தில் வருகிறவனுக்கு ஐந்து யாருக்கு அப்பால் வெளிச்சம் எதற்கு? முன்பக்கத்திலும் இரண்டையும் பரந்த ஒளியாகவே எடுத்தேன். யானை தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று சிலர் தூரம் பாய்ச்சுவதை விரும்புகிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் யானை நிற்பது பாதையின் நடுவில் அல்ல, ஓரத்துப் பற்றைக்குள்.

முன்விளக்குகளை முதலில் கீழே, முட்டுக் குழாயில் பூட்டி, ஒரே வாரத்தில் சேறு அப்பிக் கபில நிறமானதும் மேலே முன் கரியரின் முகப்புக் குழாய்க்கு மாற்றினேன். இன்னும் உள்ளே தள்ளிப் பூட்டினால் வண்டியின் சொந்தப் பிளாஸ்டிக் மூடியிலேயே ஒளி பட்டுக் கண் கூசும். திசை பார்ப்பதற்கு நெற்களஞ்சியச் சுவருக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் சமதரையில் நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட நான்கு விரற்கடை கீழே விழும்படி சாய்த்தேன். எதிரே வருகிறவருக்குக் கண் கூசாமல் இருக்க அது போதும் என்று மருமகனை எதிரே நிறுத்திப் பார்த்துக்கொண்டேன்.

வீதி பற்றி ஒரு சொல். இவை வயலுக்கும் தோட்டத்துக்கும் உரிய விளக்குகள். புல்மோட்டை வீதியைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்போதுகூட எல்.ஈ.டி.யை அணைத்துவிடுகிறேன். 2025 ஜனவரியில் அரசாங்கத்தின் கிளீன் ஸ்ரீலங்கா நடவடிக்கையின்போது பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிகப் பொருட்களைப் பொலிஸார் கழற்றவைத்ததைப் பார்த்தோம். வயல் வண்டி வீதியில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நிலாவெளியில் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் இதே சோடியைத் தன் வண்டிக்கும் வாங்கித் தரச் சொன்னார். இரவில் கடற்கரையில் ஓட்டுவதற்கென்றால் வேண்டாம் என்றேன். முட்டையிட வரும் ஆமையும், பொரித்துக் கடலைத் தேடும் குஞ்சும் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிப் போகும். சில்லுத் தடத்துக்குள் விழுந்த குஞ்சு ஏற மாட்டாமல் அதற்குள்ளேயே ஓடும். அவர் பின்பக்கத்துக்கு மட்டும் ஒன்று வாங்கி, வண்டியைக் கொட்டிலுக்குள் ரிவர்ஸில் விடுவதற்குப் பயன்படுத்துகிறார்.

இரண்டாவது வேலைக்கு ரிலே, பியூஸ், வயர், சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 4,100 ரூபாய், கூலி 3,500. வீணாகிப் போன முதல் கூலியையும் விளக்கு மாற்றக் கொடுத்த ஆயிரத்தையும் பட்டா லொறிக்கு இரண்டு தரம் கொடுத்த வாடகையையும் சேர்த்தால் விளக்கின் விலை அதில் பாதிகூட வராது. இதே வேலையை மறுபடியும் செய்வதென்றால் விளக்கை அதே கடையில் அதே விலையில் வாங்குவேன், வயரிங்குக்கு நேரே அந்தத் தகரக் கொட்டிலுக்குப் போவேன். அங்கேயும் ஒரு குறை உண்டு: நாளைக்கு என்றால் நாளை மறுநாள், வண்டி நான்கு நாட்கள் அங்கேயே நின்றது. கேட்டால் சிரிப்பார்.

விளக்கு வந்த பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தார்கள். அதாவது ஒரு மீற்றர் தண்ணீருக்குள் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகக் கூடாது. கார்த்திகை மழைக்குப் பின்னர் இடது முன்விளக்கின் கண்ணாடிக்குள் பனி மாதிரி ஈரம் தெரிந்தது. எரித்தால் பத்து நிமிடத்தில் மறைந்து, காலையில் திரும்பி வந்தது. பின்மூடியின் நான்கு திருகாணிகளில் ஒன்று முறுக்கப்படாமலே வந்திருந்தது. கழற்றி வெயிலில் காயவைத்து, ஓரத்தில் சிலிக்கன் பூசி இறுக்கினேன். மாசி அறுவடைவரை ஈரம் திரும்பவில்லை. வலது விளக்கிலும் ரிவர்ஸ் விளக்கிலும் அப்படி எதுவும் இல்லை. மிச்சமிருப்பது ஒரே ஒரு எரிச்சல். எல்.ஈ.டி. சுவிட்சின் மேல் உள்ள பச்சை விளக்கு, மீற்றர் பலகை முழுவதும் சேர்ந்து தரும் வெளிச்சத்தைவிடப் பிரகாசமானது. இப்போதைக்கு அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டியிருக்கிறேன்.